காற்றுப் பையைப் பிடுங்கிய கதை

ராஜபாளையத்திலிருந்து முடங்கியார் சாலை வழியாக மேற்கே போனால், மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் கடந்து, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் தாண்டி, மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோயில். உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் அய்யனார் கோயில்தான். மேலே மழை பெய்தால் கீழே ஆற்றில் திடீரென்று தண்ணீர் வந்துவிடும். வனத்துறையினர் அன்றைக்கு யாரையும் விடமாட்டார்கள். என் மனைவியின் ஊர் ராஜபாளையம். புதுச்சேரி அரசுப் பணியில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவன் நான்.

2022 தொடக்கத்தில் ஒரு சிறிய கார் வாங்கினோம். முதல் பயணம் அய்யனார் கோயிலுக்கு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் மாலை, சந்தனம் எல்லாம் ஆயிற்று. டேஷ்போர்டில் இடதுபக்கம், முன்சீட்டுக்கு நேர் எதிரே, நல்ல வழவழப்பாக ஓர் இடம் இருந்தது. ஏதோ ஆங்கில எழுத்துகள் அழுத்தி எழுதியிருந்தன. அந்த எழுத்துகளின் மேலேயே ஒரு பித்தளைப் பிள்ளையாரைப் பசை போட்டு ஒட்டினேன். எழுத்து என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. கலவைக் கல்லூரியில் பிரெஞ்சுப் பிரிவில் படித்தவன், ஆங்கில எழுத்தைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்பது பழைய வழக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் சோம்பல்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்) சொன்னார்: "சார், இந்த அய்யனார் கோயில் ரோட்டுப் பள்ளத்துல இறங்கினாலே ஏர்பேக் வெடிச்சிரும். உங்க நெஞ்சுல மெஷின் வேற இருக்கு. எடுத்துவிட்றட்டுமா?" எடுத்துவிடச் சொன்னேன். அரைமணி நேர வேலை. மஞ்சள் நிறச் செருகிகளைக் கழற்றினார். கழற்றியதும் மீட்டரில் ஒரு எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தது. அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினார். முந்நூறு ரூபாய் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன்.

சென்ற டிசம்பரில் பாரீஸ் பக்கத்திலிருந்து மகளும் மாப்பிள்ளையும் எட்டு மாதக் குழந்தையோடு வந்தார்கள். அய்யனார் கோயிலில் குழந்தைக்கு ஒரு வேண்டுதல். புறப்படும் நேரம் மகள் கேட்டாள்: "அப்பா, முன்சீட்டு ஏர்பேக்கை அணைக்கிற சாவி எங்கே இருக்கு?" அவள் ஊர்க் கார்களில் டேஷ்போர்டின் ஓரத்தில் சாவி போட்டுத் திருப்புகிற ஒரு சிறு துளை உண்டு, பின்னோக்கிய குழந்தை இருக்கையை முன்னால் வைத்தால் அதைத் திருப்பியே ஆகவேண்டும்.

"அதெல்லாம் எப்பவோ பிடுங்கியாச்சு, ரெண்டு பக்கமும்" என்றேன், பெருமையாக.

அவள் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை மீட்டரைப் பார்த்தார், டேப்பை விரல் நகத்தால் உரித்தார், விளக்கைப் பார்த்தார். "மாமா, இதோட பெல்ட்டும் போயிருக்கும்" என்றார். அன்று கோயிலுக்கு வாடகை வண்டியில் போனோம். திரும்பி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு கோப்பைப் புரட்டுவதுபோல் இந்த விஷயத்தைப் புரட்டத் தொடங்கினேன். புரட்டியதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காற்றுப் பையின் கதை ஒரு குழந்தையிலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்பவர், 1952இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் ஏழு வயது மகளையும் முன்சீட்டில் வைத்துக்கொண்டு காரில் போனார். சாலையில் கிடந்த பாறையைத் தவிர்க்கத் திருப்பியதில் கார் பள்ளத்தில் இறங்கியது. கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, மகள் முன்னால் போய் மோதாமல் தடுத்தார்கள். அந்தக் கைக்குப் பதிலாக ஒரு பொருள் இருக்கக் கூடாதா என்று வீட்டுக்குப் போய் யோசித்தார். கடற்படையில் இருந்தவர், அழுத்தக் காற்று அடைத்த டார்பிடோ ஒன்று பழுதுபார்க்கும்போது திடீரென்று இயங்கி, அதன் கான்வாஸ் உறையைக் கூரைவரை ஊதித் தள்ளியதை ஒருமுறை பார்த்திருந்தார். அது நினைவுக்கு வந்தது. 1953 ஆகஸ்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவர் 1951லேயே இதே யோசனைக்கு மனுச் செய்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அழுத்தக் காற்றுக்கு வேகம் போதவில்லை. மோதல் நடந்து மனிதன் ஸ்டீயரிங்கில் போய் இடிப்பதற்குள் பை விரிந்தாக வேண்டும். கண் இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிற விஷயம் அது. 1960களின் பிற்பகுதியில் ஆலன் பிரீட் ஒரு குழாய்க்குள் உருளும் இரும்புக் குண்டைக் கொண்டு மோதலை உணரும் கருவியைச் செய்தார். சோடியம் அசைடு என்கிற வேதிப்பொருளைக் கொளுத்தி நைட்ரஜன் வாயுவை உண்டாக்கினார்கள். அதாவது காற்றுப் பை என்று நாம் சொல்வது, ஒரு சிறு வெடிமருந்துப் பெட்டி. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது வெளியே வருகிறது. சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது புரியாமல் போகாது.

1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் சில ஆயிரம் கார்களில் வைத்து விற்றுப் பார்த்து, வாங்குவோர் இல்லையென்று விட்டுவிட்டது. 1981இல் மெர்சிடிஸ் பெரிய காரில் மீண்டும் வந்தது. அமெரிக்கா 1991இல் சட்டம் போட்டு, 1998ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களிலும் முன்பக்கம் இரண்டு பைகள் கட்டாயம் என்றது.

இங்கேதான் கோளாறு. அக்காலத்து அமெரிக்கர்களில் பெரும்பகுதியினர் பெல்ட் போடமாட்டார்கள். ஆகவே பெல்ட் போடாத, சராசரி உயரமுள்ள ஓர் ஆணைத் தடுத்து நிறுத்தும் அளவுக்குப் பையின் பலத்தை வைத்தார்கள். ஐரோப்பாவில் பெல்ட் சட்டம் முந்தி வந்துவிட்டது. பிரான்ஸில் நகரத்துக்கு வெளியே முன்சீட்டில் பெல்ட் 1973 ஜூலை 1 முதல் கட்டாயம். ஆகவே அங்கே பை, பெல்ட்டுக்குத் துணை மட்டுமே, சிறியது. அமெரிக்கப் பையோ பெல்ட்டுக்கு மாற்று. அந்தப் பலம் ஒரு குழந்தையின் கழுத்தில் இறங்கினால் என்ன ஆகும்? ஆயிற்று. 1990களில் மிகக் குறைந்த வேக மோதல்களில், காருக்குப் பெரிய சேதமே இல்லாத இடங்களில், முன்சீட்டுக் குழந்தைகள் பை அடித்து இறந்தார்கள். ஸ்டீயரிங்குக்கு மிக அருகில் உட்கார்ந்து ஓட்டிய குள்ளமான பெண்களும் இறந்தார்கள். 1990 முதல் 2008 வரை இப்படி 290க்கு மேற்பட்டோர் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு. அதில் ஓட்டுநர் அல்லாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குழந்தைகள். இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள்.

மகளைக் காக்க ஒரு தகப்பன் நினைத்த பொருள், நாற்பது வருடம் கழித்துப் பிறர் மகள்களை அடித்தது. ஹெட்ரிக்குக்கு அதில் பங்கில்லை. அவர் காப்புரிமையும் அதற்குள் காலாவதி.

அமெரிக்க மக்கள் கொதித்தார்கள், பையைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். அரசு செய்த காரியத்தை ஒரு குமாஸ்தாவாக நான் ரசித்துப் படித்தேன். 1997 மார்ச்சில் பையின் பலத்தைக் குறைக்க உற்பத்தியாளர்களுக்கு அனுமதி. நவம்பரில் ஒரு விதி: தக்க காரணம் உள்ளவர்கள் மனுப் படிவம் நிரப்பிக் கொடுத்தால், 1998 ஜனவரி முதல் பட்டறையில் ஓர் அணைப்பு சுவிட்ச் பொருத்திக்கொள்ளலாம். காரணங்கள் நான்கே. பின்னோக்கிய இருக்கைக் கைக்குழந்தையை முன்னால் வைத்தே தீரவேண்டிய நிலை. 1 முதல் 12 வயதுக் குழந்தையை முன்னால் வைக்க வேண்டிய நிலை. ஸ்டீயரிங்கிலிருந்து 10 அங்குலம் தள்ளி உட்கார முடியாத ஓட்டுநர். பையினால் மற்றவர்களைவிட அதிக ஆபத்துள்ள நோயாளி. விளக்கப் புத்தகத்தைப் படித்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் பட்டறைக்காரர் தொடலாம். அதுவும் சுவிட்ச்தான், வேரோடு பிடுங்குவது அல்ல. ஆபத்துள்ளவர் இறங்கியதும் மறுபடி போட்டுவிட வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் இவ்வளவு தெளிவான படிவம் ஒன்றை வடிவமைத்திருந்தால் என் மேலதிகாரி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

நான்காவது காரணத்தில்தான் எனக்குத் துடிப்பு கூடியது. நோயாளி என்றால் நானும்தானே? ஆனால் 1997 ஜூலையில் வாஷிங்டனில் மருத்துவர்கள் கூடி ஒவ்வொரு நோயாக எடுத்து விவாதித்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி, எலும்புத் தேய்வு, பேஸ்மேக்கர்: இவற்றில் எதற்கும் பையை அணைக்கத் தேவையில்லை என்பதே அவர்கள் முடிவு. பை இல்லாமல் ஸ்டீயரிங்கில் மோதுவது அதைவிட மோசம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு 1979 ஞாபகம் வந்தது. துறை ஜீப் ஒன்று புளியமரத்தில் மோதியது. வேகம் அதிகமில்லை. ஓட்டுநரின் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஸ்டீயரிங் வளையம் மட்டும் முன்பக்கமாக வளைந்திருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் போய்விட்டார். அவருடைய குடும்பத்துக்குப் பென்ஷன் கணக்கு எழுதியவன் நான்தான். அந்த வளைந்த ஸ்டீயரிங்கைப் பார்த்த கண்களோடுதான் நான் முந்நூறு ரூபாய் கொடுத்துப் பையைப் பிடுங்கினேன் என்பதை இரவில் படுத்துக்கொண்டு நினைத்தால் வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளை சொன்ன பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். பையையும் பெல்ட்டையும் ஒரே மின்னணுப் பெட்டிதான் ஆளுகிறது. மோதல் நேரத்தில் பெல்ட்டை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்து உடம்போடு இறுக்குகிற ஒரு சாதனம் இப்போதைய கார்களில் இருக்கிறது. அதிலும் ஒரு சிறு வெடிமருந்து. பெட்டியின் ஃப்யூஸையோ செருகியையோ கண்டபடி கழற்றினால் அதுவும் செத்துவிடும். பை மட்டும் போனது என்று நினைத்துக்கொண்டு, பெல்ட்டின் பாதி உயிரையும் நாம் எடுத்துவிடுகிறோம். பள்ளத்தில் இறங்கினால் வெடிக்கும் என்பதும் பொய்ப்பயம். காரின் வேகம் முன்பக்கமாகச் சட்டென்று குறைவதைத்தான் கருவி தேடுகிறது. சாதாரணப் பள்ளத்தின் குலுக்கல் அதற்குப் போதாது. மாறாக, கழற்றும் வேலையே ஆபத்தானது. பாட்டரியைத் துண்டித்த பிறகும் சில நிமிடங்கள் பெட்டியில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த மெக்கானிக் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் முகம் தப்பியது அய்யனார் புண்ணியம்.

நிற்க. நம் நாட்டுக் கதைக்கு வருவோம். அம்பாசடரிலும் பியட்டிலும் பழகிய தலைமுறைக்கு இந்தப் பை வெளிநாட்டுச் செல்வர் பொருளாகவே இருந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சிறிய கார்களை, பை இல்லாத மலிவு வகைகளாக எடுத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. பெரியவர்களைக் காப்பதில் ஐந்துக்கும் பூஜ்யம். இதில் ஐ10 நம் இருங்காட்டுக்கோட்டையிலும் ஃபிகோ மறைமலைநகரிலும் செய்தவை. இரண்டு பை வைத்த போலோவை மோதியபோது நான்கு நட்சத்திரம். இங்கே செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கார்களில் பை இருந்தது, நமக்கு விற்றதில் விலை குறைக்க எடுத்துவிட்டார்கள். என்னைப் போன்றவர்கள் பிடுங்குவதற்கு முன்பே கம்பெனிகள் பிடுங்கியிருந்தன என்றும் சொல்லலாம்.

சட்டம் பிறகு வந்தது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்குப் பை கட்டாயம். பக்கத்து சீட்டுக்குப் புதிய மாடல்களில் 2021 ஏப்ரல் 1 முதலும், பழைய மாடல்களில் அந்த டிசம்பர் கடைசிக்குள்ளும். ஆறு பைகள் என்று 2022 ஜனவரியில் ஒரு வரைவு வந்தது, ஒரு வருடம் தள்ளிப்போனது, பிறகு 2023இல் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. இடையில் 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பைகள் நிறைந்த விலையுயர்ந்த கார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் போனார்கள், முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

பையைப் பிடுங்குவது குற்றமா? சட்டத்தில் அந்த வார்த்தையிலேயே எழுதியிருக்காது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை என்கிறது. சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறிய வண்டியை ஓட்டினால் 190(2). குமாஸ்தாக் கண்ணால் கூட்டிப் படித்தால், கட்டாயம் என்று அரசு வைத்த பொருளைப் பிடுங்கியவனுக்குத் தப்பிக்க வழி குறைவு. கம்பெனியே வைத்த அணைப்புச் சாவி இருந்தால் அது வேறு. அது வண்டியின் பகுதி. அந்தச் சாவி நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இல்லாதது ஒரு குறை, சோதனை செய்தவர்களும் திரும்பத் திரும்பச் சொன்னதுதான். சாவி இல்லையென்றால் குழந்தையைப் பின்சீட்டில் வைப்பதே முறை. பிரான்ஸில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தையை, சில விலக்குகள் தவிர, முன்னால் உட்கார வைக்கவே கூடாது. இங்கே 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 194பி பிரிவில் ஆயிரம் ரூபாய். நம் வழக்கமோ முன்சீட்டில் தாத்தா மடியில் பேரன். அவனுக்கு வேடிக்கை தெரிய வேண்டுமாம். அந்த நிலையில் பை விரிந்தால் நடுவில் நசுங்குவது அவன்தான்.

பிடுங்காமலே பையைக் கெடுக்கிற வழிகளும் நம்மிடம் உண்டு. முன்னால் கட்டுகிற இரும்புக் கம்பி மோதலின் வேகத்தை உணர்கருவிக்கு மாற்றிக் காட்டும். அதை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. பெல்ட் போடாமல் எச்சரிக்கை மணியை ஏமாற்றுகிற போலிக் கொக்கியைக் கடையில் விற்றார்கள். 2023 மே மாதம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களை அதை நிறுத்தச் சொல்லி நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. டேஷ்போர்டில் ஒட்டிய சாமி சிலையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஓர் இடத்தில் கம்பெனிக்காரர்களே பையை அணைத்தார்கள். ஜப்பானின் தகாட்டா கம்பெனி, சோடியம் அசைடுக்குப் பதில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்டு அது கெட்டு, பையோடு உலோகத் துண்டுகளையும் சேர்த்து வீசியது. உலக வரலாற்றிலேயே பெரிய திரும்பப் பெறுதல் இதுதான்; இந்தியாவிலும் நடந்தது. 2014 அக்டோபரில் மாற்றுப் பொருள் கையிருப்பில் இல்லாததால், அமெரிக்காவில் டொயோட்டா முன்சீட்டுப் பையைத் தற்காலிகமாக அணைத்து, "இங்கே உட்காராதீர்கள்" என்று சீட்டு ஒட்டியது. அணைத்தார்கள், கூடவே அந்த இடத்தில் ஆள் உட்காரக் கூடாது என்றும் சொன்னார்கள். கடலோரத்தில் பழைய கார் வைத்திருக்கும் புதுச்சேரி, காரைக்கால் நண்பர்கள் தங்கள் வண்டி எண்ணைக் கம்பெனியில் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள். இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

ஜனவரியில் இதயமருத்துவரைப் பார்த்தேன். பேஸ்மேக்கர் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு மெஷின் இடப்பக்கம். நம் ஊரில் ஓட்டுகிறவருக்கு பெல்ட் எந்தத் தோளில் வரும்?" வலது தோளில். மெஷினைத் தொடவே தொடாது. பிரான்ஸில் ஓட்டியிருந்தால் இடது தோளில் வந்திருக்கும். அங்கேகூட ஒரு மெத்தைத் துண்டு வைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வார்களே தவிர வேண்டாம் என்று சொல்லமாட்டார்களாம்.

வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். செருகிகளை மாட்டி, கணினியில் போட்டுப் பரிசோதித்து, ஒரு ஒயரை மாற்றினார்கள். நான்காயிரத்துச் சொச்சம். அந்த விளக்கு சாவி போட்டதும் சில நொடி எரிந்து தானே அணைவதை ஒரு பையன் எனக்கு மூன்றுமுறை காட்டினான். சீட்டைப் பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு அடி அளந்து வைத்தேன்.

மகள் குடும்பம் திரும்புவதற்கு முன், தை மாதம், மறுபடி அய்யனார் கோயிலுக்குப் போனோம், எங்கள் காரிலேயே. குழந்தை பின்சீட்டில், தன் இருக்கையில், அம்மா பக்கத்தில். வனத்துறைச் சோதனைச் சாவடிவரை அழுதுகொண்டே வந்து, ஆற்றுச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டது. பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்து வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டேன். டேஷ்போர்டில் பசைத் தடம் இன்னும் இருக்கிறது. அதன் நடுவே அந்த ஆங்கில எழுத்துகள் இப்போது நன்றாகத் தெரிகின்றன.